இடது தமனி எங்கே முளைக்கிறது?

பால் குடித்துக்கொண்டிருக்கும் கைக்குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதால், திருத்தணிப் பக்கத்தில் முதலில் வரும் வார்த்தை, "உரம் விழுந்திருக்கும்". பாட்டி புடவையை விரித்து, குழந்தையை அதில் கிடத்தி, இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல உருட்டி உரம் எடுப்பார். அழுகை அடங்கவில்லை என்றால் ஓமத் தண்ணீர், அதற்கும் கேட்கவில்லை என்றால் கிரைப் வாட்டர். மாந்தம் என்று சொல்லி மந்திரிக்கத் தூக்கிப் போவதும் உண்டு. கை கால் முறிவுக்குப் புத்தூர் கட்டுக்குப் போய்ப் பழகிய ஊர்க்காரர்கள், குழந்தையின் தோள்பட்டையைக் காட்டிவரவும் ஆந்திர எல்லை தாண்டிப் போவார்கள். பெரும்பாலான குழந்தைகளின் அழுகைக்குப் பெரிய காரணம் இல்லை. வயிற்றில் காற்று அடைத்திருக்கும். தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விட்டுத் தூங்கிவிடும்.

மிக அரிதாக ஒரு குழந்தை வேறு காரணத்துக்காக அழுகிறது. அதற்கு நெஞ்சு வலிக்கிறது. அறுபது வயதுக்காரருக்கு மாடிப்படி ஏறும்போது வருமே, அதே வலி. இரண்டு மாதக் குழந்தை மாடிப்படி ஏறுவதில்லை. அந்த வயதில் அது செய்யும் பெரிய உடலுழைப்பு பால் குடிப்பதுதான். சப்பச் சப்ப இதயம் கூடுதலாக வேலை செய்கிறது, தசைக்கு ரத்தம் போதவில்லை, வலி எடுக்கிறது. முலையை விட்டுவிட்டு, முகம் வெளுத்து, நெற்றி வேர்த்து, கால்களை மடக்கித் துடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துபோகும். பசி தாங்காமல் மறுபடி குடிக்கும். மறுபடி துடிக்கும்.

இந்த அழுகையைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர் திருத்தணியில் உண்டு. இங்கே பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, சென்னையில் குழந்தைகள் இதய மருத்துவராக வேலை பார்ப்பவர். விடுமுறை நாட்களில் ஊருக்கு வந்து சின்ன கிளினிக் ஒன்றில், இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ பார்க்கிறார். ஊரில் அவரை 'எக்கோ டாக்டரம்மா' என்பார்கள். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை தறிக்காரக் குடும்பங்கள் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்தும் வருவார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் கொண்டான் கொடுத்தான் உறவு மாறவில்லை. அதனால் அந்த அறையில் பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு.

அவர் தேடும் நோயின் பெயர் நீளமானது. மருத்துவர்கள் அதை 'அல்காப்பா' என்று சுருக்கிச் சொல்வார்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் இரண்டு. இடது கரோனரி, வலது கரோனரி. இரண்டும் மகாதமனியின் அடிவாரத்தில், வால்வுக்குச் சற்று மேலே முளைக்க வேண்டும். அல்காப்பாவில் இடது கரோனரி இடம் மாறி, நுரையீரலுக்குப் போகும் தமனியில் முளைத்திருக்கும். சுமார் 3 லட்சம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இப்படி நேர்கிறது. தமிழ்நாட்டில் அண்மைக் காலமாக ஆண்டுக்கு 8, 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அப்படியானால் மாநிலம் முழுவதற்குமாக வருடத்துக்கு மூன்று குழந்தைகள். கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை.

இந்த நோயின் கொடுமை அதன் கால அட்டவணையில் இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது சிசுவின் நுரையீரல் தமனியிலும் மகாதமனியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்று. இடது கரோனரி எங்கே முளைத்திருந்தாலும் ரத்தம் ஓடும், தசை பிழைக்கும். பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் நுரையீரல் விரிந்து, அந்தப் பக்க அழுத்தம் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இறங்கிய பிறகுதான் விபரீதம். வலது கரோனரி கிளைவிட்டு இடப்பக்கத் தசைக்கு ரத்தம் அனுப்பப் பார்க்கும். ஆனால் மேட்டு வயலுக்கு இறைத்த தண்ணீர் மடை வழியாகப் பள்ளத்துக்கு ஓடிவிடுவதுபோல், அந்த ரத்தம் தசைக்குள் போகாமல் இடது கரோனரி வழியே பின்னோக்கி ஓடி நுரையீரல் தமனியில் கொட்டிவிடுகிறது. இடது கீழறைத் தசை பட்டினி கிடந்து, வீங்கி, தளர்ந்து, துடிக்கும் சக்தியை இழக்கிறது.

அதனால்தான் பிறந்த அன்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழந்தை நீலம் பாரிக்காது. விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டினால் அளவு சரியாகக் காட்டும். கர்ப்பகால ஸ்கேனிலும் பொதுவாக அகப்படாது. பிரசவ வார்டிலிருந்து 'நார்மல்' என்று எழுதி அனுப்பியது பொய்யில்லை. அன்றைக்கு அது நார்மல்தான். ஆறாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் படம் மாறிவிடுகிறது.

எக்கோ டாக்டரம்மா இந்த நோயைப் பற்றி இளம் மருத்துவர்களுக்குச் சொல்லும்போது 1933-ஆம் வருடத்து பாஸ்டன் கதையில் ஆரம்பிப்பார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மூன்று மாத ஆண் குழந்தை ஒன்று. புட்டிப்பால் குடிக்கும்போது முகம் வெளுத்து, வேர்த்து, வேதனையில் நெளிகிறது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிகிறது. இ.சி.ஜி.யில் பெரியவர்களின் மாரடைப்பில் வரும் மாற்றங்கள். எட்வர்டு பிளாண்ட், பால் டட்லி ஒயிட், ஜோசப் கார்லண்ட் ஆகிய மூவர் அந்தக் குழந்தையைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பெயராலும் இந்த நோய் இன்றும் வழங்குகிறது. ஒயிட், பின்னாளில் அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட அதே இதய மருத்துவர். குழந்தையின் தகப்பனார் ஆப்ரி ஹாம்ப்டன், அந்த மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவர். பிறகு அந்தத் துறைக்கே தலைவரானார். படம் எடுத்து நோயறிவதில் தேர்ந்தவர்கள் நிறைந்த இடம். இருந்தும் இடது கரோனரி எங்கே முளைத்திருக்கிறது என்பது குழந்தை இறந்து, இதயத்தை அறுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்றைய எக்ஸ்ரே இதயத்தின் நிழலைக் காட்டியது. உள்ளே போகும் குழாயைக் காட்டவில்லை.

குழாயைக் காட்டும் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்வீடனின் லுண்டு நகரத்தில் எட்லரும் ஹெர்ட்ஸும் 1953-ல் ஒலியலையால் இதயத்தைப் பதிவு செய்தார்கள். 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ், மகாதமனியில் செலுத்த வேண்டிய மருந்து தவறுதலாக வலது கரோனரிக்குள்ளேயே போய்விட, நோயாளி தாங்கிக்கொண்டதைக் கண்டு கரோனரி ஆஞ்சியோகிராமை உருவாக்கினார். 1980-களில் ஜப்பானியர்கள் கொண்டுவந்த கலர் டாப்ளர்தான் அல்காப்பாவின் தலையெழுத்தை மாற்றியது. ரத்தம் ஓடும் திசையைத் திரையில் நிறமாகப் பார்க்க முடிந்தது. அதுவரை இந்தச் சந்தேகம் வந்தால் குழந்தையின் தொடையில் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்தாக வேண்டியிருந்தது.

இனி அந்த எக்கோ அறைக்குள்.

ஜன்னலில் கறுப்புத் துணி. ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பார். சில்லென்ற ஜெல் நெஞ்சில் பட்டால் தூங்குகிற குழந்தையும் விழித்துக்கொள்ளும். முன்னதாகவே எடை போட்டு, தூக்க மருந்து சிரப்பை அளந்து கொடுத்திருப்பார்கள். இதயம் தளர்ந்த குழந்தைக்கு அதுவும் யோசித்துத்தான். சில நேரம் தாய் மடியிலேயே பால் குடிக்க வைத்து, தூங்கியதும் பார்ப்பார். படம் பார்ப்பதற்கு முன்னால் அவர் தாயிடம் கேட்பது ஒரே விஷயம்: எப்படிக் குடிக்கிறது?

"குடிக்கச்சொல்லோ நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுது டாக்டரம்மா. ரெண்டு வாய் குடிக்கும், விட்டுடும். அப்புறம் கத்தும்."

"தூங்கும்போது வேர்க்குதாம்மா?"

"இல்ல. குடிக்கச்சொல்லோ மட்டும்தான்."

அடுத்து இ.சி.ஜி. தாளை வெளிச்சத்தில் பிடிப்பார். அதில் பன்னிரண்டு வரிசை இருந்தாலும் அவர் கண் முதலில் போவது முதல் லீடுக்கும் 'ஏ.வி.எல்.' என்று எழுதிய வரிசைக்கும். அங்கே ஆழமாக, அகலமாக ஒரு கியூ அலை இறங்கியிருந்தால், இடது பக்கச் சுவரில் தசை செத்திருக்கிறது என்று பொருள். வைரஸ் காய்ச்சலால் தளர்ந்த இதயத்தில் இது பொதுவாக இப்படி இருக்காது. எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் எடுக்கக்கூடிய இ.சி.ஜி., லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிக்கு முன்னால் சாட்சி சொல்லிவிடுகிறது என்பது அவர் அடிக்கடி சொல்வது.

பிறகு ஒலியலையை அனுப்பி வாங்கும் புரோப். மூன்று மாதக் குழந்தையின் இடது கரோனரியின் விட்டம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். இதயம் நிமிடத்துக்கு 140, 150 தடவை துடித்துக்கொண்டிருக்கும். மார்பெலும்பின் இடப்பக்கம் புரோபை வைத்து, மணிக்கட்டை இம்மி இம்மியாகத் திருப்பினால் மகாதமனி வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் இடது ஓரத்தில் குழாய் முளைக்கும் வாய் தெரிய வேண்டும். தெரிந்தால் போதுமா என்றால், போதாது. பழகாத கை ஏமாறும் இடம் இதுதான். மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் பின்னால் இதய உறையின் மடிப்பு ஒன்று ஓடுகிறது. அதன் இடைவெளி திரையில் கறுப்புக் கோடாக விழுந்து, இடது கரோனரி மகாதமனியில் சேர்ந்திருப்பது போலவே காட்டும். படத்தை மட்டும் நம்பியவர் 'கரோனரி நார்மல்' என்று எழுதிவிடுவார்.

அதனால் நிறம் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம். கருவியின் கலர் ஸ்கேல் வழக்கமாக வால்வுகளில் பாயும் வேகமான ரத்தத்துக்காக உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும். கரோனரியில் ஓடுவது மெதுவான ரத்தம். அந்த அளவில் திரையில் ஒன்றுமே வராது. குமிழைத் திருகி, ஸ்கேலை வினாடிக்கு 20, 30 சென்டிமீட்டர் வரை இறக்க வேண்டும். இறக்கியதும் இதயத்தின் முன்சுவரில் மெல்லிய கோடு ஒளிர்கிறது. அந்த இடத்தில், அந்தக் கோணத்தில் ஆரோக்கியமான குழந்தைக்குச் சிவப்பு. ரத்தம் புரோபை நோக்கி வருகிறது. அல்காப்பா குழந்தைக்கு நீலம். ரத்தம் பின்னோக்கிப் போகிறது. கூடவே நுரையீரல் தமனிக்குள், ரத்தம் எதுவும் வரக்கூடாத ஓய்வு நேரத்தில், பக்கவாட்டிலிருந்து சின்னப் பீச்சு ஒன்று வந்து விழும்.

நீலக் கோடு தெரிந்த பிறகு மற்றதெல்லாம் வரிசையாக வந்து பொருந்தும். வலது கரோனரி அளவுக்கு மீறிப் பருத்திருக்கும், இரண்டு பேர் வேலையை அது ஒன்றே பார்ப்பதால். மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசைத்தூண்கள் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது மாதிரி பளிச்சிடும். ரத்தமில்லாமல் நாராகிப்போன தசை அது. வால்வு மூடாமல் கசியும்.

கைக்குழந்தையின் இதயம் வீங்கியிருந்தால் உடனே மனதில் வருவது தசைநோய், அல்லது வைரஸ் தாக்கிய தசை அழற்சி. அவைதான் அதிகம். லாசிக்ஸ், டிஜாக்சின், எனலாப்ரில் எழுதி, மாதம் ஒருமுறை வரச்சொல்லி அனுப்புவார்கள். டாக்டரம்மாவிடம் வந்த ஒரு குழந்தை அப்படித்தான் வந்தது. கையில் தடித்த ஃபைல். வேறு ஒரு இடத்தில் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டில் இதயத்தின் சுருங்கும் திறன், வால்வுக் கசிவு, அறைகளின் அளவு எல்லாம் தசம புள்ளிவரை இருந்தது. கரோனரி என்ற வார்த்தை மட்டும் இல்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் தெரியவில்லையா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அப்பா தறி நெய்பவர். "மாத்திரைதான் காலம் பூரா, வேற வழி இல்லன்னாங்க" என்றார். ஸ்கேலை இறக்கியதும் முன்சுவரில் நீலம். அன்றைக்கே சென்னைக்கு ஃபோன் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கத்தை விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறார். வீங்கிய இதயம் என்று எந்தக் குழந்தை வந்தாலும், ரிப்போர்ட்டில் இரண்டு வரி தனியாக எழுதுவார்: இடது கரோனரி எங்கே முளைக்கிறது; அதில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது. இரண்டுக்கும் விடை தெரியாமல் 'தசைநோய்' என்ற வார்த்தையை எழுத மாட்டார். தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை, சி.டி. வேண்டும்' என்று எழுதுவார். தன்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடமும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. தசைநோய் என்ற முத்திரை ஒருமுறை ஃபைலில் விழுந்துவிட்டால் அடுத்துப் பார்க்கும் மருத்துவரும் அதையே நம்பித் தொடர்வார் என்பது அவர் கண்ட அனுபவம்.

இன்னொரு பொறியையும் அவர் சொல்கிறார். சில குழந்தைகளுக்கு அல்காப்பாவோடு, பிறந்ததும் மூட வேண்டிய டக்டஸ் குழாயும் மூடாமல் இருக்கும். அந்த வழியாக ரத்தம் பாய்ந்து நுரையீரல் தமனியின் அழுத்தத்தை உயர்த்தியே வைத்திருப்பதால் இடது கரோனரிக்கும் ரத்தம் சரியாகவே ஓடும், தசை வாடாது. டக்டஸ்தான் நோய் என்று நினைத்து அதை மூடினால், மூடிய கையோடு அழுத்தம் இறங்கி இதயம் சரிந்துவிடும். டக்டஸை மூட அனுப்புவதற்கு முன்னால் இரண்டு கரோனரிகளையும் பார்த்துவிட வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எக்கோவில் சந்தேகம் தீராத குழந்தைக்கு சி.டி. கரோனரி ஆஞ்சியோ. இன்றைய வேகமான கருவிகளில் குழந்தை மூச்சை அடக்கத் தேவையில்லை. ஒரு வினாடிக்குள் நெஞ்சு முழுவதும் படமாகிவிடும். ஐந்து கிலோ குழந்தைக்குப் பத்து மில்லி அளவுக்குத்தான் கான்ட்ராஸ்ட் மருந்து. அந்தப் படங்களைப் படிப்பதில் டாக்டரம்மாவுக்குத் துணை, சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் 1934-ல் திறந்த பர்னார்டு கதிரியக்க நிலையத்தில் பயின்ற ஒரு கதிரியக்க மருத்துவர். கணினி கட்டித்தரும் வண்ண முப்பரிமாணப் படத்தை அவர் கடைசியில்தான் திறப்பார். முதலில் அரை மில்லிமீட்டர்ச் சொச்சம் தடிமனுள்ள கறுப்பு வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே உருட்டுவார். முப்பரிமாணப் படம் அழகாக இருக்கும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு குழாய்களை ஒட்டிவிடும் என்பது அவர் கட்சி.

நோய் தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது அறுவைச் சிகிச்சை. நுரையீரல் தமனியில் முளைத்திருக்கும் வாயை, சுற்றியுள்ள சுவரோடு ஒரு பொத்தான் போல வெட்டியெடுத்து, மகாதமனியில் கொண்டுபோய்த் தைக்கிறார்கள். எட்டாத இடத்தில் இருந்தால், ஜப்பானிய அறுவை நிபுணர் தக்கேயூச்சி 1979-ல் வெளியிட்ட முறைப்படி நுரையீரல் தமனிக்குள்ளேயே சுரங்கம் கட்டி ரத்தத்தைக் கொண்டுவருவதும் உண்டு. தேர்ந்த மையங்களில் இன்று பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கட்டிப்போடுகிறது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த தசை முழுவதும் செத்துவிடவில்லை. பாதி உறங்கிக் கிடக்கிறது. ரத்தம் வந்ததும் விழிக்கிறது. இதயம் மாதத்துக்கு மாதம் சுருங்கி இயல்பான அளவுக்கு வருகிறது. வால்வுக் கசிவும் பல குழந்தைகளுக்குக் குறைந்துவிடுகிறது. அந்தத் தறிக்காரர் மகன் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோவுக்கு வருகிறான். ஜெல் சில்லென்று இருக்கிறது என்று சண்டை போடுகிறான். காலம் பூரா மாத்திரை என்று எழுதிய வரி அந்த ஃபைலின் அடியில் இன்னும் இருக்கிறது.

கரோனரி இடம் மாறி முளைப்பது கைக்குழந்தைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அல்காப்பாவிலேயே சிலர் வலது கரோனரியின் தயவில் பெரியவர்களாகி விடுகிறார்கள். வேறு வகைகளும் உண்டு. இரண்டு கரோனரிகளும் மகாதமனியிலேயே முளைக்கும், ஆனால் இடது கரோனரி வலது பக்கத்துப் பையில் முளைத்து, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து இடப்பக்கம் போகும். ஓடும்போது, ஏறும்போது இரண்டு பெருங்குழாய்களும் விரிய, கீறல் போல் குறுகிய அதன் வாய் அடைபடும்.

அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் பீட் மாராவிச், பத்தாண்டுகள் தொழில்முறை ஆட்டம் ஆடியவர், 1988 ஜனவரி 5 அன்று பாசடீனாவில் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 40. பிரேதப் பரிசோதனையில் அவருக்கு இடது கரோனரியே இல்லை என்று தெரிந்தது. இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா பாஸோவும் சக ஆய்வாளர்களும் 2000-ல், எதிர்ப்பக்கத்தில் கரோனரி முளைத்திருந்து திடீரென்று இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதினார்கள். இறப்பதற்கு முன் டிரெட்மில் பரிசோதனை செய்திருந்த ஆறு பேருக்கும் அது நார்மல். டிரெட்மில் நன்றாக இருக்கிறது என்ற ஒரு வரி இளைஞருக்கு எவ்வளவு குறைந்த பாதுகாப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்பார்கள். டிசம்பர் 31 படித் திருவிழாவிலும் ஆடிக் கிருத்திகையிலும் காவடி எடுத்து ஏறுகிற கூட்டத்தில் மயங்கி விழுபவர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் விரதம், வெயில், நெரிசல். தண்ணீர் கொடுத்து நிழலில் படுக்கவைத்தால் எழுந்துவிடுவார்கள். ஆனால் இருபது வயதுக்காரர், ஏறும் நடுவில் நெஞ்சு அடைத்து, முன்னறிவிப்பே இல்லாமல் சுருண்டு விழுந்தால் டாக்டரம்மா அதை விரத மயக்கம் என்று விடமாட்டார். அப்படி வந்தவர்களில் ஒருவர் கபடி ஆடும் கல்லூரி மாணவர். களத்தில் ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருக்கிறார். பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்திருக்கிறார்கள். எக்கோவில் இடது கரோனரி வழக்கமான இடத்தில் இல்லை.

பெரியவர்களுக்கு சி.டி. எடுப்பது வேறு கலை. நாடி 60, 65-க்குக் கீழே இறங்க மெட்டோப்ரோலால் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். துடிப்பு வேகமாக இருந்தால் படம் கலங்கிவிடும். நாக்கடியில் நைட்ரேட் ஸ்ப்ரே. கை நரம்பில் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். இதை முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் ஆள் பதறி அசைந்துவிடுவார். மூச்சை அடக்கச் சொல்லும் பதிவு செய்த குரல் பல கருவிகளில் ஆங்கிலத்தில்தான் வரும். எல்லைப் பக்கத்து நோயாளி வந்தால் டெக்னீஷியன் அதை நிறுத்திவிட்டு மைக்கில் தானே பேசுவார். "மூச்சை இழுங்க... நிறுத்துங்க." நகரிக்காரர் என்றால், "ஊபிரி பீல்ச்சண்டி... ஆபண்டி." அந்தச் சில வினாடி அசையாமல் இருந்தால் போதும். கபடி மாணவருக்கு இரண்டு பெருங்குழாய்களுக்கு நடுவே நசுங்கிய கோடாக இடது கரோனரி தெரிந்தது. மகாதமனியின் சுவருக்குள் ஓடிய பகுதியைத் திறந்துவிட்டு, வாயை அகலமாக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது.

இதைப் படித்துவிட்டு ஆரோக்கியமாக இருப்பவர்கள் எல்லாம் சி.டி. எடுக்க ஓடுவது வீண். கிளீவ்லண்ட் கிளினிக்கில் 1,26,595 பேரின் ஆஞ்சியோகிராமைப் பார்த்து யமனாகாவும் ஹாப்ஸும் 1990-ல் எழுதிய கணக்கில், 1.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கரோனரி மாற்றம் இருந்தது. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு தீங்கில்லாதவை. மகாதமனிக்குப் பின்னால் சுற்றிப்போகும் கிளை ஒன்று உண்டு. பொதுவாக எதுவும் செய்யாது. அதையும் பெரிய எழுத்தில் 'பிறவிக் கோளாறு' என்று ரிப்போர்ட்டில் போட்டுவிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற பெண்ணின் ஃபைலில் அந்த வார்த்தை விழுந்து, அழுதுகொண்டு வந்த தாய்மார்களை டாக்டரம்மா பார்த்திருக்கிறார். எது ஆபத்து, எது இல்லை என்று ஒரு வரி சேர்த்து எழுதுவதும் படம் பார்ப்பவரின் கடமை என்பார். இதில் அவர் சொல்வதுதான் சரி.

குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை என்றால் திருத்தணிக்காரர்களுக்கு வழி மூன்று பக்கம் திறந்திருக்கிறது. ரயிலேறினால் சென்னை, 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் செய்த பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இந்தத் தடத்தில்தான் இருக்கிறது. மேற்கே போனால் வேலூர் சி.எம்.சி., 1961-லேயே திறந்த இதய அறுவைச் சிகிச்சை நடந்த இடம். வடக்கே திருப்பதியில் தேவஸ்தானம் 2021 அக்டோபரில் திறந்த ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கிய திட்டம். எந்த அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொண்டு கிளம்பச் சொல்வார் டாக்டரம்மா. பணம் இல்லை என்று இந்த அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிய காலம் போய்விட்டது. இன்னும் குழந்தைகள் தாமதமாக வருவதற்குக் காரணம், நோய் என்னவென்று தெரிவதில் ஏற்படும் தாமதம்.

அந்தத் தாமதத்தைக் குறைக்க ஒரு நல்ல வாய்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. தடுப்பூசி அட்டவணைப்படி ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் பெரும்பாலான குழந்தைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருகின்றன. அல்காப்பா தலைகாட்டும் வாரங்களும் அவையே. அன்றைக்குக் குழந்தையைத் தூக்கும் கிராம சுகாதார செவிலியர், ஊசி போடுவதற்கு முன் தாயிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும்: குடிக்கும்போது வேர்க்கிறதா, குடித்துக்கொண்டே நிறுத்தி அழுகிறதா, போன தடவையைவிட எடை ஏறியிருக்கிறதா. சந்தேகம் வந்தால் ஒரு இ.சி.ஜி.; தேவைப்பட்டால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு ஒரு சீட்டு.

எக்கோ பார்ப்பவர்களிடம் டாக்டரம்மா கேட்பது, வீங்கிய இதயம் என்று எழுதுவதற்கு முன் கலர் ஸ்கேலை இறக்கி இடது கரோனரியை ஒருமுறை பாருங்கள் என்பதுதான். தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் கேட்பது இன்னும் சுலபம். உரம் எடுப்பதானால் எடுங்கள். பால் குடிக்கும்போது மட்டும் நெற்றி வேர்த்து அழுகிற குழந்தையை, உரம் எடுத்த கையோடு, அன்றைக்கே டாக்டரிடம் தூக்கி வாருங்கள். வந்ததும் முதலில் அந்த வேர்வையைப் பற்றிச் சொல்லுங்கள்.